விழுங்கிய காற்று

‘பா’ என்று சொல்லத்தான் ஏலக்காரர் வாயைத் திறந்தார். வந்தது ‘வா’.

நாக்கு ஏதோ விளையாடிவிட்டது என்று நினைத்துக்கொண்டு மறுபடியும் உதடுகளை ஒட்டினார். வாய் நிறையக் காற்றைப் பிடித்து, நாக்கின் அடிப்பக்கத்தால் அதைப் பின்னுக்குத் தள்ளி, பாதி விழுங்கி, வயிற்றுக்குள் இறங்குவதற்கு முன்னால் மேலே கொண்டுவந்தார். இந்தத் தடவை ‘பா’ வந்தது. ஈரமும் கரகரப்புமாக, பந்தியில் பெரியவர்கள் முறைக்கிற மாதிரியான ஓர் ஏப்பம். அசிங்கம்தான், ஆனாலும் அது அவருடையது. முதலில் வந்த ‘வா’வில் ஏப்பமே இல்லை. பூவிலிருந்து இதழைக் கிள்ளின மாதிரி அத்தனை சுத்தமாக இருந்தது.

பழைய பீரோ, கட்டில், மேஜை என்று வீட்டுச் சாமான்களை ஏலம் விடும் கூடத்தில் ஆயுசின் பெரும்பாதியைக் கத்தியே கழித்தவர் அவர். ‘ஒரு தரம், ரெண்டு தரம்’ என்று அவர் இழுக்க ஆரம்பித்தால், வழியோடு போகிறவன்கூட உள்ளே வந்து, தனக்கு எந்த விதத்திலும் தேவைப்படாத ஒரு நிலைக்கண்ணாடியை வாங்கிச் சுமந்துகொண்டு போவான். அந்தத் தொண்டையில்தான் புற்று வந்தது. குரல்வளையை மொத்தமாக எடுத்துவிட்டார்கள். இப்போது கழுத்தின் அடியில், சட்டையின் முதல் பட்டனுக்கு மேலே, ஒரு துளை. மூச்சு போவதும் வருவதும் அந்த வழியாகத்தான். அதன் மேல் ஒரு வெள்ளைத் துணியைத் தொங்கவிட்டிருப்பார். வாய் சாப்பிட மட்டும். மூக்கு கண்ணாடி மாட்ட மட்டும். காற்றே போகாத மூக்குக்கு வாசனை ஏது? சூடான டீயை ஊதிக் குடிக்கக்கூட அவரால் முடியாது. ஆறும்வரை அதன் எதிரில் உட்கார்ந்திருப்பார். அந்தச் சமயங்களில்தான் வீடு ரொம்பப் பெரிதாக இருக்கும்.

மனைவி போய்ச் சேர்ந்து பல வருஷம். மகள் வேறு ஊரில். அவருக்கு அறுவை நடந்த மாதத்தில்தான் மகளுக்குக் குழந்தை பிறந்தது. பேத்தி இப்போது ஓடுகிறாள், கை தட்டுகிறாள், ஆனால் தாத்தாவின் குரலை ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. அவளைப் பொறுத்தவரை தாத்தா என்பது, வாயை வாயைத் திறந்து மூடுகிற ஒரு சிரித்த முகம். அடுத்த வாரம் அவர்கள் வருகிறார்கள். அதற்குள் ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். ‘பாப்பா’. குரல்வளை இல்லாதவர், விழுங்கிய காற்றை ஏப்பமாக்கித்தான் பேசப் பழக வேண்டும்; அதற்காகத்தான் இத்தனை விழுங்கலும்.

பயிற்சிக்கு அவர் பிடித்த இடம் சமையலறையை ஒட்டிய உள் அறை. பக்கத்தில் பைக் ரிப்பேர் கடை. பகல் முழுக்கத் தகரத்தைத் தட்டிக்கொண்டே இருப்பார்கள். அந்தச் சத்தத்தில், ஏப்பத்துக்குள் இருக்கும் தன் எழுத்தை அவரால் கேட்கவே முடியவில்லை. உள் அறைக்கு ஜன்னல் கிடையாது. கதவு வெளியே பூட்டியிருந்தது. பக்கத்து ஆணியில் சாவி தொங்கியது. பூட்டைத் திறந்தும் கதவு அசையவில்லை. தோளால் இடித்ததும் திறந்துகொண்டது. உள்ளே தரையில் பழந்துணிச் சுருள்கள் பொத்துப் பொத்தென்று விழுந்தன. கதவின் இடுக்கு முழுக்க, மேலிருந்து கீழே வரை, காதில் பஞ்சு வைத்த மாதிரி யாரோ துணியைத் திணித்து அடைத்திருந்தார்கள். மற்றபடி காலி அறை. ஒரு மர முக்காலி மட்டும் இருந்தது. பழக்க தோஷத்தில் அதற்கு மனதுக்குள் ஒரு விலை போட்டார். சத்தம் தாங்காத மனுஷர் யாரோ முன்னால் இங்கே வாடகைக்கு இருந்திருக்கிறார், நம்ம ஆள்தான் என்று சந்தோஷப்பட்டு, முக்காலியில் உட்கார்ந்து, கதவைச் சாத்தி, துணிகளை ஒவ்வொன்றாகத் திரும்பவும் இடுக்கில் செருகிக்கொண்டார். அன்றிலிருந்து தினமும் அங்கேதான்.

‘வா’ வந்த மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனபோது பேச்சுப் பயிற்சி தருகிற பெண்ணிடம் சிலேட்டில் எழுதிக் காட்டினார். அவள் சிரித்துவிட்டாள்.

“வ வராது சார், இப்ப. ப, ட, க இதெல்லாம் காத்த அமுக்கிப் பிடிக்கிற எழுத்து. அதான் முதல்ல வருது. வ எல்லாம் வழுக்கிட்டுப் போற எழுத்து. அதுக்கு இன்னும் எத்தனையோ மாசம் இருக்கு.”

‘வந்தது’ என்று பல்பத்தால் அடிக்கோடு போட்டார்.

“சரி, சொல்லுங்க பாப்போம்.” அவருடைய கழுத்தில் இரண்டு விரலை வைத்துக்கொண்டாள். அவர் விழுங்கினார். ‘பா.’ மறுபடி விழுங்கினார். ‘ப்பா.’ அவ்வளவுதான்.

“ஒரு விழுங்கலுக்கு ஒரு எழுத்து, மிஞ்சிப் போனா ரெண்டு. அங்க அவ்வளவு காத்துக்குத்தான் இடம் இருக்கு. பேராசைப்படக் கூடாது,” என்றாள். “அப்புறம் குனியாதீங்கன்னு சொல்லியிருந்தேனே, ஞாபகம் இருக்கா? உங்க உணவுக்குழாய் இப்ப மூடி இல்லாத பாட்டில் மாதிரி. குனிஞ்சா உள்ள இருக்கறது மொத்தமும் வெளிய வந்துடும். ஆமா, எங்க உக்காந்து பழகறீங்க?”

‘உள் அறை. ஜன்னல் இல்லை. நல்ல அமைதி.’

“அய்ய, வெளிக்காத்துல உக்காருங்க சார். நீங்க விழுங்கறது அந்தக் காத்தத்தானே?”

தலையாட்டிவிட்டு வந்தார். வழியெல்லாம் யாரும் அவரிடம் பேசவில்லை. அவரும் யாரிடமும் பேச முடியாது. வீட்டுக்கு வந்ததும் கால்கள் தாமாக உள் அறைக்குப் போயின. வெளியே கடையில் தகரம் தட்டுகிறார்கள், என்ன செய்வது?

அன்றைக்குத்தான் காற்றுக்கு ருசி இருப்பதைக் கவனித்தார். வாசலில் நின்று விழுங்கினால் நாக்கில் ஒன்றும் தங்காது. உள் அறைக் காற்று அப்படியில்லை. முதலில் துருப்பிடித்த ஆணியை நக்கின மாதிரி இருக்கும். அது போனதும் ஒரு புளிப்பு, நாள்பட்ட பாலின் புளிப்பு, நாக்கின் ஓரங்களில் படிந்து, எத்தனை கொப்பளித்தாலும் போகாமல் நிற்கும். அந்தக் காற்று அடர்த்தியாக இருந்தது. நாக்கால் தள்ளினால் ஒரு கவளம் போல அடங்கி உள்ளே போயிற்று. இத்தனை சுலபமாக வேறு எங்கேயும் விழுங்க முடியவில்லை. தனக்கு வித்தை பிடிபடுகிறது என்று அவர் பெருமைப்பட்டார். பெருமைப்படுவதற்கும் ஓர் ஆள் பக்கத்தில் வேண்டியிருக்கிறதே என்று அடுத்த நிமிஷமே அழுகை வந்தது. அழுகைக்கும் சத்தம் இல்லை.

இரண்டு நாள் கழித்து, தண்ணீர் கேன் போடுகிறவர் கேனை வாசலிலேயே இறக்கி வைத்துவிட்டுத் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

“சார், உள்ள எலி கிலி எதாச்சும் செத்துக் கெடக்கா?”

ஏலக்காரர் தன் மூக்கைக் காட்டிக் கையை விரித்தார். கேன்காரருக்கு விஷயம் தெரியும். ஓர் அடி உள்ளே வந்து அங்கும் இங்கும் பார்த்தார். சமையலறையை மோந்தார், குளியலறையை மோந்தார். திரும்பி வந்தபோது அவர் முகம் மாறியிருந்தது.

“வீட்டுல இல்ல சார்.” தயங்கினார். “தப்பா எடுத்துக்காதீங்க. உங்ககிட்டதான் வருது. நீங்க வாயத் திறக்கறப்பதான்.”

அவர் போன பிறகு ஏலக்காரர் பல்லைத் தேய்த்தார், நாக்கை வழித்தார், உப்புத் தண்ணீரில் கொப்பளித்தார். கண்ணாடியில் வாயைப் பிளந்து பார்த்தார். நாக்குக்குப் பின்னால் இருட்டு. ஒரு காலத்தில் அங்கே ஒரு சந்தி இருந்தது. சோறு ஒரு வழி, மூச்சு ஒரு வழி, நடுவில் ஒரு மூடி. சோறு வந்தால் மூச்சு வழியை மூடி, மூச்சு வந்தால் திறந்து, வாழ்நாள் முழுக்கக் காவல் காத்த மூடி. இப்போது அது இல்லை. எது வந்தாலும் போக ஒரே பாதை. கேட்பதற்கு ஆள் இல்லை.

அன்று சாயங்காலம் டீயின் எதிரில் உட்கார்ந்திருந்தார். பைக் கடையை அன்று சீக்கிரம் மூடிவிட்டார்கள். ஆவி மெதுவாக மேலே போய்க்கொண்டிருந்தது. அவர் விழுங்கவில்லை. பழகவும் இல்லை. சும்மாதான் இருந்தார்.

வாய் திறந்தது.

“கதவச் சாத்திட்டு உக்காரு. காத்து போயிடும்.”

டம்ளர் கை பட்டுக் கவிழ்ந்தது. சூடு தொடையில் ஊற்றியதுகூட உறைக்கவில்லை. ஒரு விழுங்கலுக்கு ஓர் எழுத்து, மிஞ்சிப் போனால் இரண்டு. இது நிறுத்தாமல், ஏப்பம் இல்லாமல், முழுசாக வந்தது. ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாத குரல். ரொம்ப நாள் பேசாமல் இருந்து பேசுகிறவர்களின் களைப்பு அதில் இருந்தது. வ இருந்தது. ய இருந்தது. ல இல்லை என்று ஏனோ அபத்தமாக நினைத்துக்கொண்டார்.

திரும்பிப் பார்த்தார். உள் அறைக் கதவு திறந்திருந்தது. அவர் சாத்திவிட்டுத்தான் வந்திருந்தார்.

பூட்டினார். சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். வீட்டுக்கார அம்மாவுக்குச் செய்தி அனுப்பினார். அந்த அறையில் யார் இருந்தார்கள்? எதற்காகத் துணி அடைத்தீர்கள்? பதில் உடனே வந்தது. யாரும் இருந்ததில்லை, சும்மாதான் கிடந்தது. துணியா, நாங்கள் எதையும் அடைக்கவில்லையே?

முதல் நாள் தோளால் இடித்ததும், துணிகள் விழுந்ததும் கண்ணில் வந்தன. அவை அறைக்குள்ளே விழுந்தன. உள்பக்கம் நின்றுதான் அப்படி அடைக்க முடியும். தினமும் அவரே அப்படித்தான் அடைக்கிறார். வெளியே பூட்டு. உள்ளே காலி. அடைத்தவர் எந்த வழியாக வெளியே வந்தார்?

அதற்கப்புறம் அவர் விழுங்காமல் இருக்கப் பார்த்தார். உமிழ்நீர் ஊறினால் கிண்ணத்தில் துப்பினார். முடியுமா அது? மனுஷன் தூங்கும்போதும் விழுங்குகிறான், அவனுக்கே தெரியாமல். கண் அசந்து விழித்தபோதெல்லாம் தொண்டை ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. கடக். கொஞ்சம் பொறுத்து, கடக். வாயில் புளித்த பால். விடிந்ததும் நாற்காலியை வாசலில் போட்டுக்கொண்டு பெட்ரோலும் புழுதியுமான தெருக்காற்றை வேண்டுமென்றே வாய் வாயாக விழுங்கினார். உள்ளே இருப்பதை வெளியே தள்ளிவிட முடியும் என்று ஒரு நப்பாசை. போகிறவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். யாரும் நிற்கவில்லை.

பாப்பா வரக் கூடாது. அது ஒன்றுதான் தெளிவாக இருந்தது. அந்த வார்த்தைக்காக எத்தனை ஏங்கினாரோ அத்தனை பயம் இப்போது. மகளுக்குச் செய்தி அனுப்பினார். ‘இப்போதைக்கு வர வேண்டாம். உடம்பு சரியில்லை.’

அதுதான் அவர் செய்த தப்பு. உடம்பு சரியில்லை என்று அப்பா எழுதினால் எந்த மகள் சும்மா இருப்பாள்? பேச முடியாதவருக்குப் போன் செய்து என்ன பயன் என்று தெரிந்தும், பதறிப்போய்க் கூப்பிட்டாள். அவர் பச்சைப் பொத்தானை அழுத்தினார், அவள் சொல்வதையாவது கேட்கலாம் என்று.

“அப்பா? என்னாச்சுப்பா? கேக்குதா? கேட்டா போனத் தட்டுங்க.”

தட்ட விரலை எடுத்தார்.

“எனக்கு ஒண்ணுமில்லம்மா. சும்மா எழுதினேன்.”

அந்தப் பக்கம் மகள் வெடித்து அழுதாள். “அப்பா! பேசறீங்களாப்பா? அய்யோ, அப்பா!”

“பாப்பாவக் கூட்டிட்டு வா. பாக்கணும்போல இருக்கு.”

பல்லைக் கடித்தார். பற்களுக்கு நடுவிலிருந்து வந்தது. கையால் வாயைப் பொத்தினார். விரல் இடுக்கில் வந்தது. மூச்சு நின்றால் பேச்சு நிற்குமே என்று உள்ளங்கையைக் கழுத்துத் துளையில் வைத்து அழுத்தினார். நெஞ்சு அப்படியே நின்றது. காது அடைத்தது. கண்ணில் பூச்சி பறந்தது.

மூச்சு நின்றது. பேச்சு நிற்கவில்லை.

“இன்னிக்கே வா. வாசல்ல நிக்காத. உள்ள வந்துடு.”

கையை எடுத்தார். துளை வழியாகக் காற்று சீறிக்கொண்டு உள்ளே போனது. போனில் மகள், மத்தியான வண்டிக்கே கிளம்புவதாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அழுதுகொண்டே சிரித்தாள்.

வைத்தவுடன் எழுதினார். ‘பேசியது நான் இல்லை.’

பதில் வந்தது. ‘பழைய குரல் இல்லன்னு எனக்கும் தெரியும்ப்பா. அதனால என்ன? எனக்கு நீங்க பேசறதே போதும். வருத்தப்படாதீங்க.’

அதற்குப் பிறகு அவர் அனுப்பியது ஒன்றும் அவளுக்குப் போய்ச் சேரவில்லை. வண்டியில் சிக்னல் இருக்காது.

வெளிச்சம் மங்குகிற நேரம். தெருவிளக்கு இன்னும் போடவில்லை. வீட்டுக்குள் விளக்கைப் போட எழுந்து போகவும் அவருக்குத் தைரியமில்லை. சிலேட்டு முழுக்கப் பெரிய எழுத்தில் எழுதிக்கொண்டு வாசற்படியிலேயே நின்றார். ‘உள்ளே வராதே. பாப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓடு.’ முதுகுக்குப் பின்னால் உள் அறைக் கதவு மெல்ல உராய்ந்தது. சாவி அவர் பையில்தான் இருந்தது. தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

ஆட்டோ நின்றது. மகள் இறங்கினாள், இடுப்பில் குழந்தை, தோளில் பை, கண்ணெல்லாம் தண்ணீர். ஏலக்காரர் சிலேட்டை இரண்டு கையாலும் உயர்த்திப் பிடித்தார். அவள் அவர் முகத்தை மட்டும் பார்த்தாள். கிட்டே வந்து, சிலேட்டைக் கையிலிருந்து வாங்கி, ஜன்னல் திண்டில் கவிழ்த்து வைத்தாள்.

“இனிமே இது எதுக்குப்பா?”

அதற்குள் குழந்தை நழுவி இறங்கிவிட்டாள். தத்தித் தத்தி அவர் காலுக்கு நடுவில் புகுந்து வீட்டுக்குள் ஓடினாள். கூடத்தைத் தாண்டி, நேராக, சமையலறைப் பக்கம். அங்கே இருட்டில் ஒரு கதவு திறந்திருந்தது. ஏலக்காரர் ஓடினார். கையை நீட்டினார். பிடிப்பதற்குக் குனிந்தார்.

மூடி இல்லாத பாட்டில்.

அடிவயிற்றிலிருந்து அது கிளம்பி வந்தது. இத்தனை நாள் விழுங்கியது அத்தனையும். சத்தமில்லை. ஏப்பமில்லை. நீளமாக, குளிர்ச்சியாக, நிற்காமல் அவர் வாய் வழியாக வெளியே போனது. குழந்தை அவர் முகத்துக்கு நேரே தலையைத் தூக்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள், வாய் நிறைய. முகத்தில் காற்றுப் பட்ட கூச்சத்தில் கண்ணை இடுக்கினாள். வாயை மூடினாள்.

சின்னத் தொண்டை ஏறி இறங்கியது.

கடக்.

ஏலக்காரரின் நாக்கில் ருசி இல்லை. புளிப்பு இல்லை, துரு இல்லை. நெஞ்சு லேசாக இருந்தது. வயிறு காலியாக இருந்தது. உதடுகளை ஒட்டி, காற்றைப் பிடித்து, விழுங்கி, மேலே கொண்டுவந்தார். ‘பா.’ மறுபடி. ‘ப்பா.’ ஈரமும் கரகரப்புமாக, அசிங்கமாக. அவருடையது.

“தாத்தா கூப்பிடறாங்க பாரு! கேட்டியா, பாப்பான்னு கூப்பிடறாங்க!” மகள் ஓடிவந்து மண்டியிட்டுக் குழந்தையைக் கட்டிக்கொண்டு முத்தம் கொடுத்தாள். கொடுத்தவள் சட்டென்று முகத்தைப் பின்னுக்கு இழுத்தாள். மூக்கு சுருங்கியது.

குழந்தைக்குத் தெரிந்தது நாலைந்து சொல். அம்மா, தா, போ, மியாவ். அவள் அம்மாவைப் பார்க்கவில்லை. தாத்தாவைத்தான் நிமிர்ந்து பார்த்தாள்.

“கதவச் சாத்தும்மா. காத்து போயிடும்.”

நிறுத்தாமல். முழுசாக.

மகளின் சிரிப்பு பாதியில் நின்றது. ஏலக்காரர் சிலேட்டுக்காகக் கையை வீசினார். அது ஜன்னல் திண்டில் கவிழ்ந்து கிடந்தது, கூடத்தின் அந்தக் கோடியில். கத்த வாயைத் திறந்தார். ‘பா’ வந்தது. ‘பா’ மட்டும்தான் வந்தது.

குழந்தை உதடுகளை ஒட்டி, கன்னம் உப்ப, நிதானமாக இன்னொரு வாய் காற்றை விழுங்கினாள்.